குன்றுத் தொட்டி வழிகிறது, திரையில் மட்டம் 62-லேயே நிற்கிறது: சென்சார் பழுதா, யாராவது ஏமாற்றுகிறார்களா?

கேள்வி (பாகாவ், மலேசியா, செம்பனை ஆலை):
வணக்கம். ஆலைக்கும் குடியிருப்புக்கும் தண்ணீர் தரும் தொட்டி குன்றின்மேல் இருக்கிறது. தரைப்பரப்பு 40 சதுர மீட்டர், உயரம் 4 மீட்டர். மட்டத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டரின் 4–20 மில்லியாம்பியர் மின்னோட்டம் (4 என்றால் காலி, 20 என்றால் நிறைவு) மேலே உள்ள பெட்டிக்குப் போய், வானொலி இணைப்பில் மோட்பஸ் டிசிபி (ஆலைக் கருவிகள் பிணையத்தில் பேசிக்கொள்ளும் முறை) வழியாகக் கீழே பிஎல்சிக்கு (பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வருகிறது. 40 விழுக்காட்டில் பம்ப் ஓடும், 85-இல் நிற்கும். இந்த வாரம் மூன்று இரவு மட்டம் 62-இல் அசையாமல் நின்று, தொட்டி வழிந்தது. காலையில் எல்லாம் சரி. டிரான்ஸ்மிட்டரை மாற்றியும் தீரவில்லை. அதே பிணையத்தில் 4ஜி ரவுட்டர் பொருத்திய பிறகுதான் இது தொடங்கியது. எங்கே தேடுவது?

பதில் 1:
தம்பி, ரவுட்டரைச் சந்தேகிக்குமுன் மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். பம்பை நிறுத்தி, மேல் பெட்டியில் டிரான்ஸ்மிட்டர் லூப்பை (மின்னோட்டம் ஓடும் கம்பிச் சுற்று) பிரித்து மல்டிமீட்டரைத் தொடராக மாட்டுங்கள். 62 விழுக்காட்டுக்கு 13.92 காட்ட வேண்டும். தொட்டி நிறைந்திருந்தும் அதையே காட்டினால் பிழை தொட்டிப் பக்கம், சேறு அடைத்திருக்கும். 19-க்கு மேல் காட்டினால் சென்சார் உண்மைதான் சொல்கிறது.

அடுத்து பிஎல்சியில், விழுக்காடாக மாற்றுமுன் வரும் மூல எண்ணைப் பாருங்கள். திரையில் வரும் வரைபடத்தை நம்பாதீர்கள், சிறு மாற்றங்களை அது பதியாமல் விட்டுவிடும். உண்மையான அளவில் கடைசி இலக்கம் துள்ளிக்கொண்டிருக்கும், சேறு அடைத்தாலும் துள்ளும். இரண்டு மணி நேரம் அது அசையவே இல்லையென்றால் உறைந்துபோன எண். இணைப்பு அறுந்தால் பல பிஎல்சிகள் கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். மேல் பெட்டியில் நொடிக்கு ஒன்று கூடும் எண்ணி (கவுண்டர்) ஒன்றை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். 10 நொடி கூடாவிட்டால் அலாரம், பம்ப் நிறுத்தம்.

பதில் 2:
எண்ணி, அறுந்த இணைப்பைப் பிடிக்கும், ஏமாற்றுபவனைப் பிடிக்காது. 1979-இல் வந்த மோட்பஸ், அனுப்புவது யார் என்று கேட்பதில்லை. இடையில் உட்கார்ந்தவன் எண்ணியை விட்டுவிட்டு மட்டத்தை மட்டும் மாற்றலாம். 2010-இல் வெளிப்பட்ட, ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல், 21 நொடி நல்ல அளவுகளைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டியது.

உங்கள் கட்டுப்பாட்டுக்குத் தெரிந்தவை இரண்டே நிகழ்வுகள்: 40-க்கு இறங்கியது, 85-ஐ எட்டியது. இரண்டாவதை ஒருவன் விழுங்கிவிட்டால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குச் சந்தேகமே வராது. ஆகவே தண்ணீர்க் கணக்கை நிரலில் எழுதுங்கள். பம்ப் மணிக்கு 50 கன மீட்டர், செலவு 20 என்று வைத்தால் 30 சேரும், மட்டம் 75 சென்டிமீட்டர் ஏறும். 20 நிமிடத்தில் 25 சென்டிமீட்டர், அதாவது 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதில் பாதிகூட ஏறாவிட்டால் பம்பை நிறுத்துங்கள். 40-இலிருந்து 85-க்கு 2 மணி 24 நிமிடம். அதையும் கடந்து ஓடவிடாதீர்கள். வரவையும் செலவையும் அளக்கும் ஓட்டமானிகளின் கம்பி நேராகப் பிஎல்சிக்கு வரட்டும், அதே பிணையத்தில் கொண்டுவந்தால் அவற்றையும் மாற்றிவிடலாம்.

பதில் 1:
இதோடு 92 விழுக்காட்டில் ஒரு மிதவை சுவிட்ச். சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்டாக எடுத்து, தனிக் கம்பியில் 24 வோல்ட் டிசி ரிலே வழியாகப் பம்ப் காண்டாக்டரின் (பம்புக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்ச்) காயிலோடு தொடராக இணையுங்கள். பிஎல்சி நடுவில் வரவே கூடாது. கம்பி அறுந்தாலும் பம்ப் நிற்கும். நீளமான கம்பியில் 240 வோல்ட் ஏசி வேண்டாம், தூண்டல் மின்னழுத்தத்திலேயே சிறு ரிலே விடாமல் பிடித்துக்கொள்ளும்.

கேட்டவர்:
அண்ணே, நேற்றிரவு 2:10-க்கு மீட்டரில் 19.1, திரையில் 62. எண்ணி ஓடிக்கொண்டே இருந்தது.

பதில் 2:
19.1 என்றால் 94 விழுக்காடு. இணைப்பு உயிரோடு இருக்கிறது, எண் மட்டும் பொய். இன்றே ரவுட்டரின் சிம்மைக் கழற்றுங்கள், மின்சாரத்தை அணைக்காதீர்கள். பதிவுகளை முதலில் நகலெடுக்க வேண்டும். அடுத்த முறை இப்படி ஆகும்போது மடிக்கணினியை மேல் பெட்டியில் நேராகச் செருகி, மட்டம் பதிந்திருக்கும் ரெஜிஸ்டரைப் (நினைவிடம்) படியுங்கள். 94 வந்தால் வழியில் மாற்றுகிறார்கள். 62 வந்தால் பெட்டியின் நிரலே மாறியிருக்கிறது, பழைய நகலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வெளியிலிருந்து மோட்பஸுக்கான 502-ஆம் போர்ட் திறந்திருந்தால் மூடுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள். மிதவை சுவிட்சைப் பொருத்தும்வரை பம்பைக் கையால்தான் ஓட்ட வேண்டும், தொட்டியருகே ஓர் ஆள் நிற்கட்டும்.