மூடுல் சான்றிதழில் தமிழ் உடைகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேலூர்க் கல்லூரி ஒன்றின் மூடுல் 4.1 (இணையவழிப் பாட மென்பொருள்) தளம். பாடம் முடித்ததும் கஸ்டம் சர்டிஃபிகேட் என்ற பிளகின் (கூடுதல் நிரல்) பிடிஎஃப் சான்றிதழ் தருகிறது. ஆங்கிலப் பெயர் சரி, தமிழ்ப் பெயர்தான் சிக்கல்.

முதலில் வெறும் கட்டங்கள் வந்தன. அது எழுத்துரு இல்லாத குறை; நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்ததும் போய்விட்டது. இப்போது 'வேலூர்' என்பதில் இரட்டைக்கொம்பு 'வ'வுக்குப் பின்னால் நிற்கிறது, 'லூ' இரண்டாகப் பிரிகிறது. 'வாலாஜா' மட்டும் தப்பிக்கிறது, அதில் கால் தவிர வேறு குறியே இல்லையே!

காரணம் தெரிகிறது. யூனிகோடில் 'வே' என்பது முதலில் வ, பிறகு ஏகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் நகர்த்துவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு எஞ்சினின் வேலை. மூடுலில் பிடிஎஃப் உருவாக்கும் நிரல்தொகுப்பான டிசிபிடிஎஃப் அதைச் செய்வதில்லை. அதனால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள் என்ற யோசனை வேண்டாம். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் பிடிஎஃபில் பெயரைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது.

கண்ணில் படும் வழிகள் இரண்டு. பெயரை மட்டும், எழுத்துக்கோப்பு தெரிந்த பாங்கோ நிரலால் படமாக்கி ஒட்டுவது. அல்லது எம்பிடிஎஃப் என்ற இன்னொரு பிடிஎஃப் நிரல்தொகுப்பில், எழுத்துக்கோப்பை இயக்கும் யூஸ்ஓடிஎல் மதிப்பை 0xFF என வைத்து முழுச் சான்றிதழையும் அதிலேயே உருவாக்குவது. இரண்டாவதே நல்லது என்று தோன்றுகிறது.

மூடுலுக்குள் எம்பிடிஎஃபை இணைத்தவர்கள் யாராவது உண்டா? சான்றிதழ் உண்மையா என்று பார்க்க உதவும் பிளகினின் க்யூஆர் சரிபார்ப்பு கெடாமல் எங்கே கை வைப்பது? பகிர்வு ஹோஸ்டிங், ரூட் (சர்வரின் முழு நிர்வாக) அனுமதி இல்லை.