அனுபவப் பகிர்வு: ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ கிராஸ்ஓவரில் உங்களை உலுக்கிய காட்சி எது?

தொடங்கியவர் (டாலஸ்)

டி.சி. காமிக்ஸ் நாயகர்களை வைத்து ஒரே கதை உலகில் நடக்கும் ஆரோவர்ஸ் தொடர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்களுக்கு 2019 டிசம்பர் 8, 9, 10 ஆகிய மூன்று இரவுகளும், அதன்பின் வந்த 2020 ஜனவரி 14 ஆம் தேதி இரவும் எளிதில் மறந்துவிடக்கூடியவை அல்ல. ‘சூப்பர்கேர்ள்’, ‘பேட்வுமன்’, ‘தி ஃப்ளாஷ்’, ‘ஆரோ’, ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ ஆகிய ஐந்து தொடர்களையும் ஒரே கதையாக இணைத்து அமெரிக்காவின் சி.டபிள்யூ. தொலைக்காட்சி ஒளிபரப்பிய, இணைப் பூமிகள் ஒவ்வொன்றாக அழிவதைத் தடுக்க நாயகர்கள் போராடும் அந்தக் கிராஸ்ஓவரைப் பற்றி விமர்சனங்கள் ஏராளமாக வந்துவிட்டன. அதனால் கதை சரியா தவறா என்ற விவாதத்தை இங்கே தொடங்க நான் விரும்பவில்லை. பார்த்த அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதுங்கள். நான் முதலில் எழுதுகிறேன்.

என்னை உலுக்கியது மூன்றாம் பகுதியில் வரும், பூமி-90 என்ற இணைப் பூமியைச் சேர்ந்த ஃப்ளாஷின் முடிவு. ஜான் வெஸ்லி ஷிப் நடித்த பழைய ஃப்ளாஷ் தொடர் 1990 இல் தொடங்கி ஒரே ஒரு சீசனோடு 1991 இல் நின்றுபோனது. அந்தக் கதைக்கு முறையான முடிவு கிடைக்கவில்லை. அதே நடிகரைப் புதிய தொடரில் ஃப்ளாஷாகிய பேரி ஆலனின் தந்தையாக நடிக்கவைத்து, இரண்டாவது சீசனில் மகனின் கண் முன்னாலேயே கொன்றார்கள். ஆகவே, கிரான்ட் கஸ்டினின் பேரி உயிரைவிடத் தயாராகி நிற்கும்போது, தந்தையின் முகத்தைக் கொண்ட அந்த முதியவர் அவருடைய வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, ஒரு ஃப்ளாஷ் சாக வேண்டும் என்றுதான் மானிட்டர் (நெருக்கடியை முன்கூட்டியே அறிந்து நாயகர்களைத் திரட்டியவர்) சொன்னார், எந்த ஃப்ளாஷ் என்று சொல்லவில்லை என்று விளக்குகிறாரே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர், பூமிகளை அழிக்கும் பீரங்கியை நிறுத்துவதற்காக அதன் டிரெட்மில்லில் ஓடுகிறார். ஓட ஓட, 1990 தொடரின் பழைய காட்சித் துண்டு ஒன்று திரையில் வருகிறது. இளமையான முகம், அந்தத் தொடரில் அவருக்குத் துணைநின்ற விஞ்ஞானி டீனா மெக்கீ, கூடவே டேனி எல்ஃப்மனின் அந்தப் பழைய இசை. பழைய படச்சுருளின் நிறமும் மங்கலும் அப்படியே விடப்பட்டிருந்தன. டிவிடியில் அந்தத் தொடரைப் பார்த்து, இதற்கு மேல் ஒன்றும் இல்லையா என்று ஏங்கிய எனக்கு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து யாரோ பொறுப்பெடுத்துக்கொண்டு அந்தக் கதையை முடித்துவைத்ததாகவே தோன்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபரில் வந்த முதல் எபிசோடின் கடைசியில், ஃப்ளாஷ் நெருக்கடியில் மறைந்துபோனதாக 2024 ஏப்ரல் 25 ஆம் தேதியிட்ட செய்தித்தாள் ஒன்றைக் காட்டினார்கள். ஐந்தாவது சீசனின் இறுதியில் அந்தத் தேதி 2019 டிசம்பர் 10 என்று மாறியது. அந்தத் தேதியில்தான் இந்த மூன்றாம் பகுதி ஒளிபரப்பானது. பேரி தப்பிப்பாரா மாட்டாரா என்று நாங்கள் அஞ்சியதற்குப் பின்னால் ஐந்தாண்டுக் காத்திருப்பு இருந்தது.

உறுப்பினர் (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

நண்பருக்கு வணக்கம். உங்களுக்கு ஃப்ளாஷ் என்றால் எனக்கு, சூப்பர்மேனாகும் முன் இளம் கிளார்க் கென்டின் கதையைச் சொன்ன ‘ஸ்மால்வில்’. நாங்கள் குடியிருக்கும் சர்ரே நகரின் க்ளோவர்டேல் பகுதியைத்தான் அந்தத் தொடரில் ஸ்மால்வில் ஊரின் கடைத்தெருவாகக் காட்டினார்கள். கனடாவுக்கு வந்த புதிதில், மளிகை வாங்கப் போகும் தெருவைத் தொலைக்காட்சியில் கான்சாஸ் மாநிலத்து ஊராகப் பார்க்கும்போது ஏற்பட்ட வியப்பே என்னை அந்தத் தொடருக்குள் இழுத்துச் சென்றது. 2001 முதல் 2011 வரை பத்து சீசன்களையும் விடாமல் பார்த்தேன். பத்து ஆண்டுகள் காத்திருந்தும் டாம் வெல்லிங் சூப்பர்மேன் உடையை முழுமையாக அணிந்து நிற்கும் காட்சியை அவர்கள் எங்களுக்குக் காட்டவில்லை. சட்டையைத் திறக்கும் இடத்தோடு தொடர் முடிந்துவிட்டது.

எனவே, கிராஸ்ஓவரில் அவர் வருகிறார் என்ற அறிவிப்பு வந்ததும் என்னைப் போன்றவர்கள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த முறையாவது பறப்பார். இரண்டாம் பகுதியில் நடந்தது என்ன? பண்ணையில் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறார். பல பூமிகளின் சூப்பர்மேன்களைக் கொன்றுகொண்டு வரும் பரம எதிரி லெக்ஸ் லூதர், சூப்பர்மேனின் சக்தியைக் குலைக்கும் கிரிப்டோனைட்டை நீட்டுகிறார். கிளார்க் அதைச் சாதாரணக் கல்லைப் போலக் கையில் வாங்கிப் பார்க்கிறார். சக்திகளைத் துறந்துவிட்டேன், எனக்குக் குடும்பம் இருக்கிறது என்கிறார். ஒருவன் தெய்வத்துக்கு நிகரான ஆற்றலை எதற்காகக் கைவிடுவான் என்பது லெக்ஸுக்கு விளங்கவே இல்லை. கோபத்தில் கை ஓங்கியவர் ஒரு குத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார். பிறகு எரிகா டுரான்ஸின் லோயிஸ் வந்து கணவனிடம் பேசுகிறார். அவ்வளவுதான், சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என்னோடு சேர்ந்து பார்த்த நண்பர்களில் இருவர் ஏமாற்றத்தில் எழுந்தே போய்விட்டார்கள். பத்தாண்டுக் காத்திருப்புக்கு இதுதானா பதில் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் அழுதேன். ஸ்மால்வில் கிளார்க் பறக்க ஆசைப்பட்ட பையன் அல்ல. மற்ற பையன்களைப் போல வாழ ஆசைப்பட்ட பையன். அவனுக்கு அவன் கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள், நாம் கேட்டதைக் கொடுக்கவில்லை. அதைவிடப் பொருத்தமான முடிவை என்னால் இன்றுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதே பகுதியில் பிராண்டன் ரூத்தும் சூப்பர்மேனாக வந்தார். 2006 இல் வந்த சூப்பர்மேன் படத்துக்குப் பிறகு அவருக்குத் தொடர்ச்சி அமையவில்லை என்ற வருத்தம் பலருக்கும் உண்டு. நரைத்த கிருதாவும் கறுப்புப் பின்னணியில் அமைந்த சின்னமுமாக, ஜான் வில்லியம்ஸின் இசைச் சாயலோடு அவர் தோன்றியதும் எங்கள் வீட்டில் கைதட்டலே எழுந்தது.

உறுப்பினர் (நியூ ஜெர்சி)

‘ஆரோ’வின் நாயகன் ஆலிவர் குவீனைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 2012 அக்டோபரில் ‘ஆரோ’ தொடங்கவில்லை என்றால் இந்தக் கிராஸ்ஓவரே இல்லை. அதனால், முந்தைய ஆண்டின் ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ கிராஸ்ஓவரில் பேரியையும் சூப்பர்கேர்ளாகிய காராவையும் காப்பாற்ற மானிட்டரிடம் ஆலிவர் ஒப்பந்தம் செய்துகொண்டபோதே அவர் இறப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் முதல் பகுதியிலேயே, அதுவும் சூப்பர்கேர்ளின் எபிசோடில் இறப்பார் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. மக்களை வெளியேற்ற அவகாசம் வேண்டும் என்பதற்காக அம்புகள் தீர்ந்தபின்னும் தனியாக நின்று சண்டையிடுகிறார். இறுதியில் மகள் மியாவும் பேரியும் காராவும் சூழ்ந்திருக்க உயிர் பிரிகிறது. மியா தந்தையோடு வாழ்ந்த காலம் எவ்வளவு குறைவு என்பது தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதன்பின் டிசம்பர் 10 அன்று அண்டங்கள் எல்லாம் அழிந்து, ஏழு பேர் மட்டும் எஞ்சிய நிலையில் கதையை நிறுத்திவிட்டு ஐந்து வாரம் காக்கவைத்தார்கள். எஞ்சியவர்களில் ஒருவராக நின்றிருந்த ரூத்தின் சூப்பர்மேன் மறைந்து, அவர் இடத்தில் லெக்ஸ் நிற்பதைக் கண்டதும் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

நான்காம், ஐந்தாம் பகுதிகள் ஜனவரி 14 இரவு எட்டு மணி தொடங்கி அடுத்தடுத்து வந்தன. இங்கே எட்டு மணி என்றால் தமிழ்நாட்டில் மறுநாள் காலை ஆறரை. அன்று தைப் பொங்கல். பால் பொங்கிய படங்களும் வாழ்த்துகளும் கைப்பேசியில் வந்தவண்ணம் இருந்தன. அம்மா வீடியோ அழைப்பில் காத்திருந்தார்கள். ஆலிவர் இரண்டாவது முறையாக, ஸ்பெக்டர் என்ற அண்ட சக்தியாக மாறிப் புதிய பிரபஞ்சத்தைப் பற்றவைத்துவிட்டு இறக்கும் காட்சியை, ஊரில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்ல அழைத்த குரலைக் கேட்டுக்கொண்டேதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அழைப்பை எடுத்ததும் “என்னம்மா, நல்ல நாளும் அதுவுமா அழுத முகமா இருக்கே?” என்று அம்மா கேட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லி அவர்களைப் பதற விடாமல், சீரியல் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர்களும் சீரியல் பார்த்து அழுகிறவர்கள்தான். அதற்குமேல் கேட்கவில்லை.

என் மனத்தாங்கலையும் பதிவு செய்கிறேன். முதல் மரணத்தில் இருந்த வலி இரண்டாவதில் இல்லை. ஸ்பெக்டர் என்ற பெயரில் குரலும் தோரணையும் மாறிய பிறகு, எட்டு சீசன்களாக நாங்கள் அறிந்த ஆலிவரிடமிருந்து விடைபெறும் உணர்வு எனக்குக் கிட்டவில்லை. அது ஜனவரி 28 அன்று வந்த ‘ஆரோ’வின் இறுதி எபிசோடில்தான் கிடைத்தது.

உறுப்பினர் (டொராண்டோ)

எனக்குக் கெவின் கான்ராய். 1992 முதல் அனிமேஷன் தொடரில் பேட்மேனுக்குக் குரல் கொடுத்தவர், முதன்முறையாக உடலும் முகமுமாகப் புரூஸ் வெய்னாகத் திரையில் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் சிறிது நேரம் கேட்டேன்; என் பள்ளிக்காலம் முழுவதும் அந்தக் குரலில் இருக்கிறது. கண்ணைத் திறந்தால், எலும்புக்கூடு போன்ற இயந்திரக் கவசத்தைத் தாங்கி நடக்கும், பலரைக் கொன்ற, சூப்பர்மேனையே கொன்ற, கசந்துபோன ஒரு மனிதர். கிளார்க்கின் மூக்குக் கண்ணாடியை வெற்றிச் சின்னமாக வைத்திருக்கிறார். எங்களுக்கு அறம் கற்பித்த குரலுக்கு இந்த வேடத்தைக் கொடுத்திருக்க வேண்டுமா? அன்று எனக்குக் கடும் கோபம். அவர் 2022 நவம்பரில் மறைந்த பிறகு அந்தக் காட்சியை மீண்டும் பார்த்தேன். நடிப்பில் குறையே இல்லை. ஆனால் அந்த வேடத்தின் மீதான என் கோபம் தணியவில்லை.

தொடங்கியவர் (டாலஸ்)

டொராண்டோ நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆயினும் உடன்பட இயலவில்லை. ஷிப்புக்கும் வெல்லிங்குக்கும் கிடைத்ததைப் போன்ற கனிவான விடைபெறல் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதே நேரத்தில், நம்பிக்கையை இழந்த புரூஸ் எப்படி ஆவார் என்பதைப் பேட்வுமனாகிய கேட் கேன் நேரில் கண்டால்தான் அவருடைய துணிவுக்குப் பொருள் வரும். வேறு யாருடைய குரலில் வந்திருந்தாலும் அந்த அச்சம் நமக்கு இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது.

உறுப்பினர் (சென்னை)

நான் காமிக்ஸ் வழியாக வந்தவன். மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்து 1985, 86 ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வந்த மூலக்கதையில் ஏழாம் இதழில் சூப்பர்கேர்ளும் எட்டாம் இதழில் பேரி ஆலனும் இறக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் இந்த இருவருக்காகத்தான் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். இருவரும் பிழைத்தார்கள்.

அதனால்தான் ஐந்தாம் பகுதியில் வந்த ஒரு சிறு காட்சி எனக்குப் பெரிதாகப் பட்டது. தெருவில் ஒரு வயதானவர் ஃப்ளாஷையும் சூப்பர்கேர்ளையும் நிறுத்தி, தான் அவர்களுடைய ரசிகன் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார். அவர் பேச்சிலிருந்துதான் தாங்கள் இருவரும் இப்போது ஒரே பூமியில் இருப்பது இவர்களுக்கே தெரியவருகிறது. அந்த முதியவர் வேறு யாருமல்ல, மார்வ் வுல்ஃப்மன்தான். நான்காம் பகுதியின் திரைக்கதையை மார்க் குகன்ஹைமோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. எந்த இருவரைத் தாளில் இறக்கவைத்தாரோ, அந்த இருவர் முன்னால் கையெழுத்துக்காக நிற்கிறார்! தெரியாதவர்களுக்கு அது சாதாரண வழிப்போக்கர் காட்சி. தெரிந்த நான் மூன்று முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன்.

ஐந்தாம் பகுதியின் இறுதியில் வரும், சின்னம் பொறித்த ஆலிவரின் வெற்று நாற்காலியைப் பற்றியும் எழுத நினைத்தேன். அதை ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டார்கள்.

புதிய உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். நான் ‘தி ஃப்ளாஷ்’ மட்டுமே பார்த்திருக்கிறேன். கதை பாதியில் தொடங்குவது போல் இருந்ததால் ஒன்றும் புரியாமல் நிறுத்திவிட்டேன். எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று யாராவது தெரிவிக்க முடியுமா?

உறுப்பினர் (நியூ ஜெர்சி)

தாராளமாக. முதலில் ‘சூப்பர்கேர்ள்’ ஐந்தாவது சீசனின் ஒன்பதாம் எபிசோட், அடுத்து ‘பேட்வுமன்’ முதல் சீசனின் ஒன்பதாம் எபிசோட், அதன்பின் நீங்கள் பார்த்த ‘தி ஃப்ளாஷ்’ ஆறாவது சீசனின் ஒன்பதாம் எபிசோட். பிறகு ‘ஆரோ’ எட்டாவது சீசனின் எட்டாம் எபிசோட், நிறைவாக ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ ஐந்தாவது சீசனின் தொடக்கத்தில் தனியாக வரும் சிறப்பு எபிசோட். நேரம் இருந்தால், இவற்றுக்கு முன்னால் 2018 டிசம்பரில் வந்த ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ மூன்று பகுதிகளையும் பார்த்துவிடுங்கள். ஆலிவரின் ஒப்பந்தத்தை அறிந்தபின் முதல் பகுதிக்குள் நுழைவது நல்லது. பார்த்து முடித்ததும் இங்கேயே வந்து எழுதுங்கள்.