ஏ320 கிட்ல சக்கரம் குறையுது, மாத்திக் குடுப்பாங்களா? அவசரம்

மாடக்குளம்88:
வணக்கம்ணே. ஏ320 விமான மாடல் கிட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன். இறக்கைக்குக் கீழ பக்கத்துக்கு ரெண்டு சக்கரம்தான் இருக்கு, படத்துல நாலு இருக்கு. அங்குட்டு இங்குட்டு தேடிட்டேன், பெட்டியையும் கவுத்துத் தட்டிப் பாத்துட்டேன். அடுத்த மாசம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அதுக்குள்ள முடிக்கணும். யாராச்சும் சொல்லுங்க.

விளக்குத்தூண்:
எந்தக் கம்பெனி, என்ன ஸ்கேல், எந்த ஏர்லைன்? படம்னா பெட்டி மேல இருக்கிறதா, நெட்ல பாத்ததா? ஒண்ணுமே சொல்லாம அவசரம்னா எப்படி?

ஒட்டுப்பசை:
பார்ட் விடுபடுறது சகஜம். எனக்கு ஒரு தடவை வாலே வரல. இன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க, நாள் தாண்டுனா வாங்க மாட்டாங்க.

ஏரோ வாத்தியார்:
இதெல்லாம் பாலபாடம். ஏ320க்கு மூக்குல 2, பின்னால பக்கத்துக்கு 2, ஆக 6. பக்கத்துக்கு நாலுன்னா அது ஏ300 இல்லாட்டி ஏ330. எந்த விமானம்னே தெரியாம மாடல் கட்ட வந்தா இப்படித்தான். என் பழைய பதிவுகளைப் படிச்சிட்டு வாங்க தம்பி.

மாடக்குளம்88:
தம்பி இல்ல சார், தங்கச்சி. படம் எங்க அப்பாவோடது. 1996ல டெல்லி போனப்ப விமானத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தது. வாலு ஆரஞ்சு. உடம்புல வி.டி.-இ.பி. வரைக்கும் தெரியுது, கடைசி எழுத்தை அப்பா தோள் மறைக்குது. அப்பா ஏ320ன்னுதான் சொல்றாரு. ஸ்கேல் 1/144.

ஏரோ வாத்தியார்:
அப்பா சொன்னா ஆச்சா?

அவனியாபுரம் பழைய ஆள்:
வாத்தியாரே, அப்பா சொன்னது சரி. ஆரஞ்சு வாலுன்னா இந்தியன் ஏர்லைன்ஸ். 1989ல இருந்து அவங்களுக்கு வந்த ஏ320க்கு ஏர்பஸ் தனியா நாலு சக்கர போகி (ஒரே கால்ல முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு சக்கரம்) போட்டுக் குடுத்துச்சு. வேற எந்த ஏர்லைனும் அதைக் கேட்டு வாங்கல. அதனால தங்கச்சி, உங்க கிட்ல எதுவும் குறையல. உலகம் பூரா ஓடுற ஏ320க்கு அது சரியான கிட். உங்க அப்பா ஏறுனதுக்குத்தான் சரியில்ல.

இன்னொண்ணு, கிட்ல வர்ற சக்கரத்தையே நாலாக்கி ஒட்டிடாதீங்க. சாதா டயர் 46 அங்குலம், 144ஆல வகுத்தா 8 மி.மீ. போகி டயர் 36 அங்குலம், ஆறரை மி.மீ. கிட்டத்தான் வரும், அகலம் 2 மி.மீ. பம்ப் ரிப்பேர் கடையில ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கேளுங்க: உள் விட்டம் இரண்டரை, தடிமன் 2. வெளி விட்டம் சரியா ஆறரை நிக்கும். நடு ஓட்டைக்கு பிளாஸ்டிக் குச்சியை வட்டமா நறுக்கி வச்சு ஒட்டுங்க, அதுதான் வீல்.

ஆமா, பெட்டியில நியோன்னு போட்டிருக்கா?

மாடக்குளம்88:
ஆமாண்ணே நியோ. புதுசுதான நல்லாருக்கும்னு வாங்குனேன். ஏன்?

விளக்குத்தூண்:
போச்சு.

ஏரோ வாத்தியார்:
நான் பொதுவா உள்ள ஏ320யைச் சொன்னேன், விதிவிலக்கு எனக்கும் தெரியும். அது கிடக்கட்டும். நியோ பயணிகளை ஏத்துனதே 2016ல. உங்க படம் அதுக்கு 20 வருஷம் முந்தி. சக்கரத்தைப் பத்திக் கவலைப்படுறீங்க, எஞ்சினைப் பாத்தீங்களா? அந்த விமானத்துல இருந்தது ஐ.ஏ.இ. வி2500. ஃபேன் விட்டம் 63 அங்குலம், உங்க ஸ்கேல்ல 11 மி.மீ. நியோவோட லீப் எஞ்சின் 78 அங்குலம், 14 மி.மீ. கிட்ட வரும். பாத்த உடனே குண்டாத் தெரியும். அதோட வி2500ல வெளிக்கூடு கடைசி வரைக்கும் ஒரே குழாய். சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் உள்ளயே கலந்து ஒரே வாய் வழியா வரும். லீப்ல கூடு பாதியில முடிஞ்சு, உள்ள இருந்து இன்னொரு குழாய் எட்டிப் பாக்கும். இறக்கை நுனியில வளைஞ்சு நிக்கிற ஷார்க்லெட்டும் ஆகாது, வெட்டணும். அப்ப இருந்தது மேலயும் கீழயும் நீட்டுற சின்ன அம்பு முனை. பழைய ஏ320 கிட்டா வாங்கியிருந்தா பாதி வேலை மிச்சம். வாங்குறதுக்கு முன்னால கேக்கணும்.

ஒட்டுப்பசை:
நாலு சக்கரம் எதுக்காம்? ரன்வே தாங்காதுன்னு சொல்றது கதை. போயிங் 737க்கும் பக்கத்துக்கு ரெண்டுதான், இறங்காமலா போச்சு?

அவனியாபுரம் பழைய ஆள்:
கணக்குப் போடுங்க தம்பி. 737-200ல பழைய ரகம் அதிகபட்சம் 52 டன். ஏ320 73 டன். மூக்குச் சக்கரம் தாங்குறது போக, பின் சக்கரம் நாலுதான்னா அதுல ஒவ்வொண்ணு மேலயும் 12 டன் சொச்சம் இருந்தது 17 டன் சொச்சம் ஆகுது. எட்டுன்னா 9 டன்னுக்குள்ள அடங்கும். அப்ப நம்ம பக்கம் பல ரன்வே கனம் தாங்குற மாதிரி போட்டதில்ல. மேலூர்ல கிரானைட் ஏத்திட்டு வர்ற லாரிக்குப் பின்னால எத்தனை டயர்னு எண்ணிப் பாருங்க, புரியும்.

ஒட்டுப்பசை:
அம்புட்டு டயர் இருந்தும் அந்த லாரிதான எங்க ஊர் ரோட்டைப் பொளந்துச்சு?

விளக்குத்தூண்:
அது ஓவர்லோடுண்ணே. டயரை எதுக்கு வையிறீங்க.

ஒட்டுப்பசை:
உங்க ஊருப் பக்கம் வந்திருந்தா தெரியும். ரெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு சைக்கிள் விட வழியில்ல.

ஏரோ வாத்தியார்:
இந்த இழை விமானத்தைப் பத்தினது.

விளக்குத்தூண்:
சொன்னது யாரு பாரு. சரி தங்கச்சி, வாலுக்கு கார் ஸ்ப்ரே அடிச்சிடாதீங்க. ப்ரைமர் இல்லாம நேரா அடிச்சா தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னுடும், தோல் உரிஞ்ச மாதிரி ஆயிரும். என்கிட்ட ஒரு வாலு அப்படித்தான் கிடக்கு. ஸ்டிக்கர் வாங்குனா கோனார்க் சக்கரம் போட்டதை எடுக்காதீங்க, அது 2005 கடைசியில பேரை வெறும் இந்தியன்னு மாத்துனப்ப வந்தது.

அவனியாபுரம் பழைய ஆள்:
தங்கச்சி, என்ன ஆச்சு? ரிட்டர்ன் போட்டீங்களா, இருக்கிறதையே வெட்டுறீங்களா?

மாடக்குளம்88:
ஓ-ரிங் கிடைச்சிருச்சுண்ணே, பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி மூணு கடை ஏறி இறங்குனேன். எட்டு வாங்குனேன், ஒண்ணு கட்டிலுக்குக் கீழ உருண்டு காணோம். ஏழை அப்பா முன்னால வச்சதும் எண்ணிப் பாத்துட்டு ஒண்ணு குறையுதேன்னாரு. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

ஏரோ வாத்தியார்:
எஞ்சின் என்ன பண்ணுனீங்க?

ஏரோ வாத்தியார்:
தங்கச்சி, எஞ்சின்?