வி90 கார்டு போட்டும் பர்ஸ்ட் நிக்குதே, காசு தண்டமா?

கே.ஆர்.புரம்_பையன் | ஞாயிறு காலை 10.12

வணக்கம். வயித்தெரிச்சலோட எழுதறேன். என் கேமரா 24 மெகாபிக்சல், பர்ஸ்ட்ல, அதாவது விரலை எடுக்காம அழுத்திக்கிட்டே இருந்தா, நொடிக்கு 11 படம், ஒரே கார்டு ஸ்லாட். ரா, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு, அது மட்டும்தான் எடுப்பேன். இன்னிக்கு விடிகாலைல ஹெப்பாள் ஏரிக்கரை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்ணு தண்ணிக்கு மேல ஒரே இடத்துல சிறகடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அழுத்தினேன். அஞ்சு நொடி சரமாரியா ஓடுச்சு. அப்புறம் டக்... டக்... டக்னு நொண்ட ஆரம்பிச்சுது. அந்த நேரம் பார்த்து பறவை தலைகுப்புற விழுந்து மீனைக் கவ்விக்கிட்டுப் போயிடுச்சு. கைல மிச்சம்: அந்தரத்துல நிக்கற பறவை 53 படம், வெறும் தண்ணி வளையம் 1 படம்.

போன வாரம்தான் எஸ்.பி. ரோட்டுல வி90ங்கற அதிவேக மெமரி கார்டு வாங்கினேன். பழைய கார்டைவிட நாலு மடங்கு விலை. கடைக்காரர் லேப்டாப்புல சொருகி, நொடிக்கு 250 எம்பி ஓடறதைக் கண்ணால காட்டினார். பர்ஸ்ட் எடுக்கணும்னா வேகமான கார்டு வாங்குன்னு இங்கதான் ஆளாளுக்குச் சொன்னீங்க. ஏமாந்துட்டேனா?

ஹலசூரு_கிழவன் | 10.31

அதுல என்ன சந்தேகம் தம்பி? நொடிக்கு எத்தனை படம்ங்கறதை முடிவு பண்றது ஷட்டரும் சென்சாரும். கார்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. படம் முதல்ல கேமராவுக்குள்ள இருக்கற பஃபர்ங்கற தற்காலிக நினைவகத்துலதான் விழுது. அது நிறையற வரைக்கும் மலிவு கார்டும் ஒண்ணுதான், நீ வாங்கின தங்கக் கார்டும் ஒண்ணுதான்.

தப்பு கார்டுல இல்ல, உன் விரல்ல. பறவை நிக்கும்போது எதுக்கு அழுத்தற? அது தலையைக் கவுக்கும்போது அழுத்து. ஒரு நொடில விஷயம் முடிஞ்சிடும், 11 படம் போதும். நாங்க 36 பட ரோல் ஒண்ணை வெச்சுக்கிட்டு மொத்தத் தேர்த் திருவிழாவையே எடுத்து வந்தவங்க.

கூட்டல்கழித்தல் | 10.58

36 பட ரோல் கதை வந்தாச்சு, இனி இழை களைகட்டும்.

பெரியவர் சொன்னதில் முதல் பாதி சரி. "நிறையற வரைக்கும் எல்லாக் கார்டும் ஒண்ணுதான்" என்பது தவறு. பஃபர் நிறைந்த பிறகுதான் கார்டு வேலையைத் தொடங்கும் என்று நினைக்கிறார். முதல் படம் விழுந்ததுமே எழுத்து தொடங்கிவிடும்.

நம்ம ஊர் வீட்டு சம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, சம்ப்பில் விழுகிறது, மோட்டார் மேல் தொட்டிக்கு ஏற்றுகிறது. குழாய் சென்சார், சம்ப்பு பஃபர், மோட்டார் கார்டு. மோட்டார் இழுக்க இழுக்க சம்ப்பு வழிய நேரமாகும்.

கணக்கு இதோ. ஒரு ரா கோப்பு 25 எம்பி, நொடிக்கு 10 படம் என்றால் நொடிக்கு 250 எம்பி உள்ளே வருகிறது. பஃபர் 1000 எம்பி என்று வையுங்கள். கார்டு 40 எம்பி வேகத்தில் எழுதினால் நொடிக்கு 210 தங்கும், 48 படத்தில் நிறையும். 80இல் எழுதினால் 59 படம். வேகம் இரட்டித்தும் கிடைத்தது வெறும் 11 படம், இங்கேதான் பலர் கார்டைத் திட்டுகிறார்கள். ஆனால் 200இல் எழுதினால் தங்குவது 50 மட்டும்: 20 நொடி, 200 படம். 250ஐத் தொட்டால் சம்ப்பு வழியவே வழியாது. கார்டு வேகம் கேமராவின் வேகத்தை நெருங்க நெருங்கத்தான் பலன் எகிறும், அதுவரை சும்மா ஊர்ந்துகொண்டிருக்கும்.

கே.ஆர்.புரம்: உங்கள் ஸ்லாட்டின் வேக வகை எது, யுஎச்எஸ்-1ஆ, அதைவிட வேகமான யுஎச்எஸ்-2ஆ?

கே.ஆர்.புரம்_பையன் | 11.20

மேனுவலைத் தேடி எடுத்துப் பார்த்தேன் சார். யுஎச்எஸ்-1னு போட்டிருக்கு.

கூட்டல்கழித்தல் | 11.26

போச்சு. கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தங்க நிறத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். இரண்டாவது வரிசைதான் யுஎச்எஸ்-2க்கு. உங்கள் ஸ்லாட்டில் அதைத் தொடும் முட்களே கிடையாது. முதல் வரிசையில் மட்டும் ஓடும், அதன் உச்சவரம்பு நொடிக்கு 104 எம்பி, நடைமுறையில் அதற்கும் கீழேதான். யுஎச்எஸ்-2 வரம்பு 312. கடைக்காரர் காட்டிய 250 பொய்யில்லை, அவருடைய ரீடரில் இரண்டு வரிசையும் இருந்திருக்கும்.

ஹலசூரு_கிழவன் | 11.40

ஆக, காசு தண்டம்னு நான் சொன்னதை நீங்க ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு நிரூபிச்சீங்க. நன்றி.

எலகங்கா_வானம் | 12.05

நான் பெரியவர் கட்சி. ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி வந்தா எல்லா நாளும் விமானப்படைத் தளத்துப் பக்கம்தான் கிடப்பேன். விமானப்படை சாகசக் குழு சூரியகிரண்ல ரெண்டு ஹாக் ஜெட் எதிரெதிரா வந்து குறுக்க கடக்கறது கண் இமைக்கற நேரம். முன்னாடி அரை நொடி, பின்னாடி அரை நொடி, பத்துப் படம். என் பஃபர் பாதிகூட நிறையாது. நிக்கான்காரங்க ஷட்டரைப் பாதி அழுத்தினா வியூஃபைண்டர்ல "ஆர்" எழுத்துக்குப் பக்கத்துல ஒரு எண் தெரியும், அதுதான் பஃபர்ல மிச்சம் இருக்கற இடம். நான் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிப் பார்த்ததே இல்ல. இத்தனைக்கும் என் கார்டு சாதா வி30.

அப்புறம் ஒரு விஷயம். வி30ன்னா 30லதான் எழுதும்னு அர்த்தமில்ல. 30க்குக் கீழ இறங்காதுன்னு அர்த்தம், அதுவும் வீடியோவுக்காகக் கொடுத்த உத்தரவாதம். நல்ல வி30 கார்டு பர்ஸ்ட்ல அதைவிட ரெண்டு மடங்குக்கு மேலயே எழுதும். மேல பெருசா 170, 200ன்னு அச்சடிச்சிருக்கறது படிக்கற வேகம். பர்ஸ்ட்டுக்கு அது எதுக்கும் உதவாது.

கெட்டிமேளம் | 1.15

பறவை, விமானம்னு பேசறவங்க ஒரு முகூர்த்தத்துக்கு வந்து பாருங்க. எனக்குக் கல்யாண போட்டோதான் தொழில், சிவாஜிநகர்ல இருந்து ஓசூர் வரைக்கும்.

போன வைகாசி. மாப்பிள்ளை தாலியை எடுத்ததுல இருந்து விடாம அழுத்திட்டேன். அட்சதை பறக்குது, மேளம் காதைக் கிழிக்குது, மணப்பெண் தலைக்குப் பின்னாடி பத்துக் கை. ரெண்டு முடிச்சு வந்துடுச்சு. மூணாவது முடிச்சு போட நாத்தனார் குனியறாங்க, கேமரா அசையல. கார்டு விளக்கு மட்டும் சிவப்பா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அது அணையறதுக்குள்ள அந்தம்மா முடிச்சுப் போட்டு நிமிர்ந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஆல்பம் பார்த்த அன்னிக்கு நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "நான் எங்கே?"

இதுல கூத்து, முதல் ஸ்லாட்ல நல்ல யுஎச்எஸ்-2 கார்டுதான் போட்டிருந்தேன். பேக்கப்புக்காக ரெண்டாவது ஸ்லாட்ல டிராயர்ல கிடந்த பழைய கார்டு. ரெண்டுலயும் ராவை ஒரே நேரத்துல எழுதச் சொல்லி வெச்சிருந்தேன். மெதுவா எழுதற கார்டு முடிக்கற வரைக்கும் பஃபர் காலியாகாதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ரெண்டு மாடு பூட்டின வண்டி நொண்டி மாட்டு வேகத்துலதான் போகும்.

அதனால பெரியவரே, கார்டுக்கும் பர்ஸ்ட்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு எங்க தொழில்ல வந்து சொல்லாதீங்க.

கூட்டல்கழித்தல் | 1.34

இது கணக்கில் சேர வேண்டிய விஷயம். சோனி ஏ7 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஸ்லாட் யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் முதல் ஸ்லாட்டுக்குக் கொடுத்த காசு அங்கேயே முடங்கும். பேக்கப்புக்கு ராவை விடச் சின்னக் கோப்பான ஜேபெக் மட்டும் வைத்தால் சுமை குறையும்.

பெரியவர் "எத்தனை படம்" என்பதோடு நிறுத்திவிட்டார். நான் கேட்பது, நிறைந்த பஃபர் எப்போது காலியாகும்? அதே 1000 எம்பி, 40இல் எழுதினால் 25 நொடி, 80இல் 12.5, 200இல் 5. நாத்தனார் முடிச்சு போனது அங்கேதான்.

ஹலசூரு_கிழவன் | 2.10

நாத்தனாருக்காக வருத்தப்படறேன், நிஜமா. ஆனா கெட்டிமேளம் தம்பி, முதல் முடிச்சுக்கு ஒரு சின்ன பர்ஸ்ட், ரெண்டாவதுக்கு ஒண்ணு, மூணாவதுக்கு ஒண்ணுன்னு எடுத்திருந்தா அதே பழைய கார்டுலயே மூணும் வந்திருக்குமா இல்லையா? நடுவுல விட்ட ரெண்டு ரெண்டு நொடில பஃபர் மூச்சு வாங்கியிருக்கும்.

கூட்டல்கழித்தலுக்கு: ரா கோப்பு எப்பவும் 25 எம்பின்னு யார் சொன்னது? லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாத சுருக்கம் போட்டா, மண்டபத்து மங்கல் வெளிச்சத்துல ஐஎஸ்ஓங்கற ஒளி உணர்திறனை ஏத்த ஏத்த கோப்பு பெருக்கும். படத்துல விழற பொரி பொரி இரைச்சல் சுருங்காது. காலை வெயில்ல போட்ட கணக்கு மண்டபத்துல செல்லாது. கார்டு வாங்கற காசுல ஒரு நல்ல ஃபிளாஷ் வாங்கலாம்.

கூட்டல்கழித்தல் | 2.22

ஐஎஸ்ஓ விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோப்பு பெரிதாகிறது என்றால் வேகமான கார்டு இன்னும் தேவை என்றுதானே ஆகிறது? உங்கள் வாதம் என் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் நிக்கான் டி500, 2016இல் வந்தது. நொடிக்கு 10 படம், 14 பிட் லாஸ்லெஸ் ராவில் 200 படம் வரை விடாமல் எடுக்கும் என்று கம்பெனியே சொன்னது, எஸ்டியைவிட வேகமான எக்ஸ்க்யூடி என்ற வேறு வகைக் கார்டு போட்டால். சாதா எஸ்டி கார்டு போதும் என்றால் அந்த ஸ்லாட்டை எதற்கு வைத்தார்கள்?

ஹலசூரு_கிழவன் | 2.41

அதே 2016ல ஒலிம்பஸ் ஈ-எம்1 மார்க் 2 வந்துச்சு. ஷட்டரைப் பாதி அழுத்தி வெச்சா போதும், படங்களைப் பஃபர்லயே சுழட்டிக்கிட்டே இருக்கும். முழுசா அழுத்தினதும் அதுக்கு முந்தின படங்களையும் சேர்த்துக் கொடுக்கும். மீன்கொத்திக்கு மருந்து அதுதான். கார்டு கம்பெனி அதைச் சொல்லாது.

கே.ஆர்.புரம்_பையன் | இரவு 8.50

ரூம்ல உட்கார்ந்து சோதனை பண்ணிட்டேன். சுவர்க் கடிகாரத்து நொடி முள்ளை ஃபோகஸ் பண்ணி, பஃபர் நொண்டற வரைக்கும் அழுத்தி, விளக்கு அணையற நேரத்தை எண்ணினேன். மூணு கார்டையும் கேமராவுலயே ஃபார்மட் பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சேன்.

பழைய கிளாஸ் 10 கார்டு: 46 படம், காலியாக 34 நொடி.
ரூம்மேட்டோட வி30: 54 படம், 16 நொடி.
என் வி90: 53 படம், 16 நொடி.

ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை. பக்கத்து ரூம் பையன் கதவைத் தட்டி என்னடா சத்தம்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

கூட்டல்கழித்தல் | 9.04

அருமை. 34இலிருந்து 16. கார்டால் கிடைத்தது அது. வி30க்கும் வி90க்கும் வித்தியாசம் இல்லாததற்குக் காரணம் ஸ்லாட். ரூம்மேட் கார்டு மாதிரி ஒன்று வாங்கினாலே போதுமாயிருந்தது.

ஹலசூரு_கிழவன் | 9.15

அந்த 16 நொடில மீன்கொத்தி மீனைக் கிளைல அடிச்சு முழுங்கிட்டு அடுத்த கரைக்குப் போயிடும். 46ஓ 54ஓ, எல்லாம் அந்தரத்துல நிக்கற படம்தானே தம்பி? வர்ற ஞாயிறு அந்தப் பழைய கார்டையே போட்டுக்கிட்டு வா, ரெண்டு ரெண்டு நொடியா அழுத்தக் கத்துத் தர்றேன். நான் ஆறு மணிக்கு அங்க இருப்பேன்.

கே.ஆர்.புரம்_பையன் | 9.22

வர்றேன் ஐயா. ஆனா பழைய கார்டு வேண்டாம், ரூம்மேட்டோடதைக் கடன் வாங்கிக்கறேன்.

கெட்டிமேளம் | 9.40

தம்பி, அந்த வி90 என்ன விலைக்குத் தர்றீங்க? ஆவணி முகூர்த்தம் வருது, என் ரெண்டு ஸ்லாட்டுல ஒண்ணுக்காவது ஆகும்.

கூட்டல்கழித்தல் | 9.43

முதல் ஸ்லாட்டில் போடுங்கள். டிராயர் கார்டைத் தயவுசெய்து டிராயரிலேயே விட்டுவிடுங்கள்.