சிப்பாய்க்குச் சொன்ன 100 ஏக்கர் ஒஹாயோவில் யார் கைக்குப் போனது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் முடியும்வரை நிற்கிற சிப்பாய்க்கு 100 ஏக்கர், கேப்டனுக்கு 300, கர்னலுக்கு 500 என்று 1776-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அறிவித்தது. ஆனால் அந்த நிலத்துக்காக ஒதுக்கிய ஒஹாயோ ராணுவ மாவட்டத்தின் பட்டயங்களை (அரசு தந்த நில உரிமைப் பத்திரங்களை) பார்த்தால் விலைக்கு வாங்கினவங்க பெயர்தான் அடிக்கடி வருது. இத்தனை ஏக்கர் உண்டு என்று அரசு தந்த சீட்டு, அதாவது வாரன்ட், கையில் இருந்தும் நிலம் ஏன் போச்சு? டவுன்ஷிப்பை (அளவைக்காக வெட்டிய பெரிய நிலச் சதுரத்தை) 36 பிரிவாகப் போட்டால் கணக்கும் இடிக்குது. பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு விளக்கணும்.

மறையூர்:
டீச்சர், 36 பிரிவு அங்கே பொருந்தாது. அது 1785 சட்டத்தின் 6 மைல் சதுரம். பிரிவுக்கு 640 ஏக்கர். ராணுவ மாவட்டத்தை 1796 சட்டம் 5 மைல் சதுரமாக வெட்டியது. 25 சதுர மைல், அதாவது 16,000 ஏக்கர். அதில் கால் பங்கு 4,000.

சிக்கலே அந்த 4,000-ல்தான். அதற்குக் குறைவாக இடம் கேட்க முடியாது. 100 ஏக்கர் வாரன்ட் வைத்திருந்தவர் தன்னைப்போல இன்னும் 39 பேரைச் சேர்க்கணும். ஊர் ஊராகச் சிதறிப்போன பழைய சிப்பாய்கள் எங்கே ஒன்றுசேர? தரகர் வந்து ரொக்கத்தை நீட்டுவார், வாரன்ட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்வார். அதற்குத் தடை இல்லை. 1800-ல்தான் 50 கால் டவுன்ஷிப்பை 100 ஏக்கர் துண்டுகளாக ஒதுக்கி, தனி ஆளும் கேட்கலாம் என்றார்கள். வாக்குக் கொடுத்து 24 வருஷம் கழித்து! இது எனக்கு அநியாயமாகத்தான் படுது.

நகரி:
வரிசை இதுதான்: வாரன்ட், இடம் குறித்தல், அளவை, கடைசியில் பட்டயம். வாரன்ட்டில் ஏக்கர் மட்டும் இருக்கும், எந்த இடம் என்று இருக்காது. நம்ம கணக்கில் சொன்னால் சர்வே நம்பரும் இல்லை, அடங்கலும் இல்லை.

வர்ஜீனியா தன் வீரர்களுக்கு ஒதுக்கிய பகுதி சயோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு நடுவில். அங்கே சதுரக் கட்டமே கிடையாது. ஓடைக்கரை மரத்தில் அடையாளம் வெட்டி, அங்கிருந்து திசை சொல்லிச் சங்கிலி பிடிப்பார்கள். சங்கிலி 66 அடி, 100 லிங்க். நம்ம பழைய எஃப்.எம்.பி.-யில் (நில அளவைப் புத்தகத்தில்) வரும் அதே லிங்க். ஒரு சதுரச் சங்கிலி 10 சென்ட், ஆக 40-க்கு 25 சங்கிலி போட்டால் 100 ஏக்கர். ஆனால் எல்லாரும் ஆற்றோர வண்டலையே வளைத்து எடுத்து மேட்டை விட்டார்கள். மரம் விழுந்தால் எல்லைக்குச் சாட்சி இல்லை. ஒரே மண்ணை இரண்டு பேர் அளந்து வழக்குக்குப் போனார்கள். அளவைக்காரர் கூலியாக நிலத்திலேயே பங்கு கேட்பதும் உண்டு.

வண்டிப்பெரியாறு:
பிரிட்டனோடு நடந்த 1812 போருக்குப் பிறகு சிப்பாய்க்கு 160 ஏக்கர். பட்டயம் வரும்வரை விற்கக்கூடாது, எந்தத் துண்டு என்பது குலுக்கலில். அப்படியும் நிலம் சிப்பாய் கையில் நிற்கவில்லை. இல்லினாயில் 3 வருஷ வரிவிலக்கு முடிந்ததும், கிழக்கிலேயே தங்கிவிட்ட பலருடைய நிலம் வரிபாக்கியில் ஏலம் போனது.

டீச்சர், இதையும் பிள்ளைங்களுக்குக் கட்டாயம் சொல்லுங்க. 1776-ல் வாக்களித்தபோது ஒஹாயோ காங்கிரஸ் கையிலேயே இல்லை. ஷானி, டெலவேர், வயன்டாட் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் அது. 1794-ல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் அவர்கள் அமெரிக்கப் படையிடம் தோற்று, 1795-ல் கிரீன்வில் உடன்படிக்கையில் தென்பகுதி பறிபோன பிறகுதான் 1796 சட்டமே வந்தது.

மறையூர்:
பட்டயத்தில் இரண்டு பெயரைத் தேடுங்க: வாரன்ட் பெற்ற சிப்பாய், எழுதி வாங்கியவர். சிப்பாயின் விண்ணப்பம் கிடைக்காவிட்டால் அவர் கேட்கவே இல்லை என்று எழுதிவிடாதீங்க. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்தபோது அந்தக் காகிதங்களும் போய்விட்டன.