சேஃப் கண்டக்ட்: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் கப்பலையோ ஆளையோ தாக்காமல் போகவிடுவதாக ஓர் அரசு கொடுக்கும் உறுதிதான் சேஃப் கண்டக்ட் (safe conduct). அதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "பாதுகாப்பான பயணம்" போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் பேருந்தின் முதுகில் எழுதியிருக்கும் வாசகம் மாதிரி புரியும்! நான் மொழிபெயர்ப்பது அவா மாரு வழக்கு. 1945 ஏப்ரல் 1 இரவு, தைவான் நீரிணை, மூடுபனி. குவீன்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி, ரேடாரில் தெரிந்ததைப் போர்க்கப்பல் என்று நினைத்து நான்கு டார்பிடோக்களை ஏவியது. நான்கும் பட்டன. மூழ்கியது அவா மாரு என்ற ஜப்பானியப் பயணிகள் கப்பல். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர் ஒருவர்தான். ஜப்பானியர் பிடியிலிருந்த போர்க் கைதிகளுக்கு அது நிவாரணப் பொருள் கொண்டுபோனதால், போக வர அதைத் தொடமாட்டோம் என்று அமெரிக்காவே வாக்குக் கொடுத்திருந்தது. கப்பலில் வெள்ளைச் சிலுவைகள்கூட வரைந்திருந்தார்கள்.

பயணம் கப்பலுடையது, வாக்கு எதிரியுடையது. கலைச்சொல்லில் அந்த எதிரி தெரிய வேண்டும்.

> "அபயம்"? ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய அரசன் கணபதிதேவன் கடல் வணிகர்களுக்கு அபய சாசனம் வெட்டி வைத்தானே.

அம்மா, கொடுப்பவன் தெரியும் சொல்தான். ஆனால் அபயம் கேட்பவன் கைகூப்பி நிற்பான். இங்கே இரண்டு அரசுகள் சரிசமமாகப் பேசி முடித்துக்கொண்டவை.

என் பரிந்துரை "வழிவிடு உறுதி". தாளாகக் கையில் இருந்தால் "வழிவிடு சீட்டு". வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "வழிவிடு உறுதி பெற்ற கப்பல்", "வழிவிடு உறுதியை மீறித் தாக்கினர்." உறுத்தவில்லை.

அப்புறம் இன்னொரு சிக்கல். குவீன்ஃபிஷின் கமாண்டர் லாஃப்லினைப் படைத்துறை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மூன்று குற்றச்சாட்டுகளில் ஒன்றுதான் நின்றது: ஆணையைக் கடைப்பிடிப்பதில் கவனக்குறைவு. தண்டனை, கடற்படைச் செயலரிடமிருந்து ஓர் அட்மானிஷன் (admonition) கடிதம், அதாவது எழுத்தில் ஒரு கடிதல். இவ்வளவுதானா என்று கொதித்த அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ், நீதிமன்ற உறுப்பினர்களுக்கே ரெப்ரிமாண்ட் (reprimand) கடிதம் அனுப்பிவிட்டார். இரண்டில் ரெப்ரிமாண்ட்தான் கடுமை. அதாவது குற்றவாளியைவிட நீதிபதிகளுக்குப் பலத்த குட்டு! இரண்டுக்கும் "கண்டனம்" என்றே எழுதினால் இந்தக் கூத்து வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

ரெப்ரிமாண்டுக்குக் கண்டனத்தை ஒதுக்கிவிடலாம். அட்மானிஷனுக்கு "கடிந்துரை" என்று வைத்திருக்கிறேன். "அறிவுரை" என்பது தாத்தா பேரனுக்குச் சொல்வது போல இருக்கிறது. அலுவலகத்தில் இப்படிப்பட்ட கடிதங்களை எழுதிப் பழகியவர்கள் (வாங்கிப் பழகியவர்களும்தான்) சொல்லுங்கள்: கடிந்துரை சரியா?