மிளகு சக்கரத்தில் ஏறிய இரவு

குரோய்டன், இலண்டனிலிருந்து:

எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளாக ஓர் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி வளர்கிறது. மிளகு என்பது என் மகள் அதற்கு வைத்த பெயர். ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் இன்றைக்கும் "முள்ளம்பன்றி நன்றாக இருக்கிறதா?" என்றே கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விலங்குகள். முள்ளம்பன்றி கொறித்துண்ணும் இனம், முள்ளெலியோ பூச்சி புழுக்களை மோப்பம் பிடித்துத் தேடித் தின்னும் இனம். இந்தத் தேடல்தான் அதன் வாழ்க்கை என்பது எனக்குப் புரியாததால், முதல் ஆறு மாதங்கள் அதைத் தவறாகவே வளர்த்தேன்.

பள்ளி விட்டு வந்த மகள் அதை மடியில் வைத்துக் கொஞ்சுவதையே விளையாட்டு என்று நினைத்திருந்தோம். பகல் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மிளகு, நெற்றி முட்களை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று சீறியபடி சுருண்டுகொள்ளும். கடையில் விற்றார்களே என்று அது ஏறி ஓடுவதற்கு வாங்கிய சக்கரம் சிறியது. அதிலும் கம்பிகளால் ஆனது. நான்கு எட்டு வைத்துவிட்டு இறங்கிவிடும் மிளகைச் சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்த வேளையில், ஒரு நாள் காலை கூண்டுக்குள் இரத்தத் துளிகளைக் கண்டேன். பின்னங்கால் நகம் கம்பி இடுக்கில் சிக்கிப் பிய்ந்திருந்தது. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

கால்நடை மருத்துவர் காலுக்கு மருந்திட்ட பிறகு, மிளகைச் சுருளச் செய்து காட்டினார். மிளகால் முழு உருண்டையாகச் சுருள முடியவில்லை. முன்னங்கால்களின் இடுக்கில் கொழுப்பு பிதுங்கி நின்றது. எடை 400 கிராமிலிருந்து 520 கிராமுக்கு ஏறியிருந்தது. கூண்டில் வளரும் முள்ளெலிகளுக்கு உடல் பருமனும் அதைத் தொடர்ந்து கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் அடிக்கடி வரும் கேடுகள் என்று அவர் விளக்கினார். தினமும் கிண்ணம் நிறைய மீல்வார்ம் புழுக்களை ஊட்டியது நான்தான். அவை கொழுப்பு மிகுந்தவை.

அன்றே 30 செ.மீ. விட்டமுள்ள, ஓடுதளம் இடைவெளியின்றி மூடப்பட்ட சக்கரம் ஒன்றை வாங்கினோம். முதுகு வளையாமல் நேராக நிற்கும் அளவுக்குச் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. கால் ஆறிய பின் ஓர் இரவு பதினொரு மணிக்கு ஏறிய மிளகு, இடையிடையே தண்ணீர் குடிக்க இறங்கியதைத் தவிர, விடியும் வரை ஓடியது. ஓடும்போதே மலம் கழிப்பதும் அதன் வழக்கம் என்பதால், காலையில் சக்கரத்தையும், வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல் தூரிகையால் அதன் பாதங்களையும் கழுவுவது எங்கள் அன்றாட வேலையாகிவிட்டது. பிறகு நம் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியே தீர வேண்டும். முள்ளெலிகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை.

ஆனால் சக்கரத்தைவிட அதற்கு மகிழ்ச்சி தருவது தோண்டும் பெட்டிதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஆழமில்லாத பிளாஸ்டிக் தொட்டியில் ஃபிளீஸ் துணியைப் பட்டை பட்டையாக வெட்டிப் போட்டு, அடியில் நான்கைந்து புழுக்களை ஒளித்துவைப்போம். மிளகு விளிம்பில் நின்று ஈர மூக்கை மேலே தூக்கி இடமும் வலமும் அசைக்கும். பிறகு ஏர் முனை மண்ணைக் கீறுவதுபோலத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு போகும். சிறிது நேரம் துணி மட்டும் அசையும். அடுத்து 'நறுக்' என்ற ஒலி கேட்கும். அதே புழுவைக் கிண்ணத்தில் வைத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும் இன்பம், இப்போது அரை மணி நேரம் நீள்கிறது. வாரத்துக்கு மூன்று நாள்களே புழு. மற்ற நாள்களில் அன்றாட உணவான கொழுப்பு குறைந்த பூனைத் தீவனத்தையே அங்கங்கே ஒளித்துவைக்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள். கழிவறைத் தாள் சுற்றிய அட்டைக் குழாயைக் கொடுப்பதானால் நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்; இல்லையேல் தலை சிக்கிக்கொள்ளும். துணியில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது முள்ளெலியின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைபடும்.

டொராண்டோவிலிருந்து:

சகோதரியின் பதிவைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சென்ற சனவரியில் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. வழக்கமாக ஓடும் எங்கள் முள்ளெலி அன்று சக்கரத்தின் பக்கமே வரவில்லை. குளிருக்கு ஒடுங்கிக் கிடக்கிறது என்று விட்டிருந்தால் இழந்திருப்போம். கையில் எடுத்தபோது வயிறு சில்லென்றிருந்தது, நடக்கவிட்டால் தள்ளாடியது. இந்த இனம் வெப்ப நிலத்தைச் சேர்ந்தது. குளிர் கண்டதும் நீள் உறக்கத்துக்குப் போக முயன்றாலும் அதைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. என் மனைவி அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மெல்ல மெல்லச் சூடேற்றினார், சுடுநீரில் இறக்கவில்லை. பிறகு மருத்துவமனைக்கு விரைந்தோம். உங்கள் முள்ளெலி ஓடாமல் இருந்தால், புது விளையாட்டுப் பொருள் தேடுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள். கூண்டுக்குள் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் (வெப்பத்தைத் தானே சீராக வைக்கும் கருவி) இணைத்த பீங்கான் ஹீட்டர் அதற்குப் போதும்.

தூத்துக்குடியிலிருந்து:

நம் தென்மாவட்டப் புதர்க்காடுகளிலும் முள்ளெலி உண்டு. இருமலுக்கு மருந்தென்று அதன் முள்தோலைத் தேடிய காலத்தை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்து வேலியோரம் ஒருமுறை கண்டேன். சுருண்டது, நான் விலகி நின்றதும் பத்து நிமிடத்தில் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் அதைப் பிடித்து வீட்டில் அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குரோய்டனிலிருந்து, மீண்டும்:

டொராண்டோ சகோதரருக்கு நன்றி. வெப்பத்தைக் கவனித்த நான் வெளிச்சத்தைக் கவனித்திருக்கவில்லை. இங்கே திசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பகல் குறுகினாலும் அவை மந்தமாகிவிடும் என்று பின்னர் அறிந்து, காலை ஏழு முதல் இரவு ஏழு வரை எரியும்படி அறை விளக்குக்கு ஒரு டைமர் பொருத்தினேன். நேற்று எடை 415 கிராம். முழு உருண்டையாகச் சுருள்கிறது.